சென்னையில் படிக்க வருகிறவர்களுக்கு: அறை தேடும்போதே ஊர் சுற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

வெளியூரில் இருந்து சென்னைக்குப் படிக்க வரும் பிள்ளைகளின் வீட்டில், அறை தேடும் நாட்களில் இரண்டே கேள்விகள்தான் ஓடும். மாதம் எவ்வளவு? சாப்பாடு உண்டா? சினிமா, டீக்கடை, பீச், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஆனால் இருபதாம் தேதிக்கே கை காலியாவது பெரும்பாலும் அந்தச் செலவில்தான். அப்புறம் "ஊதாரித்தனம்" என்று வீட்டில் திட்டு விழும்.

கல்லூரி விடுதி, பி.ஜி. (பேயிங் கெஸ்ட், அதாவது மாதத் தொகை கட்டித் தங்கும் தனியார் இடம்), நண்பர்களோடு வாடகை வீடு என்று மூன்றிலும் இருந்து படித்தவன் நான். ஆளும் மாறவில்லை, வீட்டில் இருந்து வந்த பணமும் பெரிதாக மாறவில்லை. ஆனால் இடம் மாறிய ஒவ்வொரு முறையும் பொழுதுபோக்குச் செலவு அடியோடு மாறியது. இரவு எங்கே தூங்குகிறோம் என்பதுதான் சாயங்காலம் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். கீழே உள்ள தொகைகள் எல்லாம் சுமாரானவை. ஏரியாவுக்கு ஏரியா கூடும், குறையும்.

1. உங்கள் வாரத்தை ஒரு தாளில் எழுதுங்கள்

வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, எந்தெந்த சாயங்காலம் சும்மா இருக்கும், சனிக்கிழமை கல்லூரி உண்டா என்று எழுதுங்கள். பக்கத்தில் உங்களுக்கு எது இல்லாமல் முடியாது என்பதையும் எழுதுங்கள். சிலருக்கு வாரம் ஒரு படம். சிலருக்கு தினமும் ஒரு மணி நேரம் கிரிக்கெட். சிலருக்கு நல்ல சாப்பாடு. கூச்சப்பட வேண்டாம், இது யாருக்கும் காட்டப் போகிற தாள் இல்லை. இதை எழுதாமல் அறை பார்க்கப் போனால், கட்டிலையும் பாத்ரூமையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவீர்கள்.

2. எந்த இடம் எப்படிச் செலவு வைக்கும் என்று பாருங்கள்

கல்லூரி விடுதி: வார நாட்களில் செலவே இருக்காது. உள்ளேயே மைதானம், கேரம் போர்டு, அரட்டைக்கு ஆள் என்று எல்லாம் இருக்கும். செலவு முழுக்க சனி, ஞாயிறில் மொத்தமாக வெடிக்கும். அதற்குக் காரணம் கேட் நேரம். இரவு எட்டரைக்கு கேட் மூடும் விடுதியில் இருப்பவரால் சாயங்காலக் காட்சிக்குப் போக முடியாது. பகல் காட்சிக்குப் போய், வெளியே சாப்பிட்டு, ஏழே முக்காலுக்குக் கிளம்பும்போது பஸ்ஸை நம்ப முடியாது. ஆட்டோவோ பைக் டாக்சியோ பிடித்து ஓட வேண்டும். 15 ரூபாயில் முடிய வேண்டிய பயணம் 200 ரூபாய் ஆவது அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான். பெண்கள் விடுதிகளில் இது இன்னும் மோசம். பல இடங்களில் ஆறரைக்கே கேட் மூடுகிறார்கள். அதே கல்லூரி ஆண்கள் விடுதிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கொடுத்திருக்கும். ஒரே கட்டணம் கட்டும் பெண் பிள்ளைகள் வாரத்தின் பொழுதை எல்லாம் ஒரு ஞாயிறு மதியத்துக்குள் அடைக்க வேண்டியிருப்பது அநியாயம். சேருவதற்கு முன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே கேட் நேரம், வெளியே போக அனுமதிச் சீட்டு முறை, லோக்கல் கார்டியன் கையெழுத்து தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

மெஸ் கணக்கையும் கேளுங்கள். டிவைடிங் முறையில் மாதச் செலவை எல்லோருக்கும் பிரித்துப் போடுவார்கள். அப்படிப்பட்ட இடங்களில் ஊருக்குப் போகும் நாட்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களின் தொகையைக் கழிப்பார்கள். எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், குறைந்தது எத்தனை நாள் தொடர்ந்து இல்லாமல் இருக்க வேண்டும் என்று விதி இருக்கும். மாதம் சில நூறு ரூபாய் இதில் மிஞ்சும்.

பி.ஜி.: புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். தேதிக்குப் பணம், மூன்று வேளைச் சாப்பாடு, வைஃபை என்று எல்லாம் முடிந்த மாதிரி தோன்றும். ஆனால் பி.ஜி.யில் உட்கார இடம் கிடையாது. மூன்று கட்டில், மூன்று அலமாரி, நடுவில் ஒரு ஆள் நடக்கும் சந்து, அவ்வளவுதான். நண்பர் வந்தால் மாடிப்படியில் நின்று பேச வேண்டும். ஆகவே பேச, சிரிக்க, பிறந்தநாள் கேக் வெட்ட, எல்லாவற்றுக்கும் காசு கொடுத்து ஒரு இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. அது டீக்கடையாக இருந்தால் 30 ரூபாய், காபி ஷாப்பாக இருந்தால் 300 ரூபாய்.

அடுத்தது ராத்திரிச் சாப்பாடு. பல பி.ஜி.களில் ஞாயிறு இரவு அடுப்பே மூட்ட மாட்டார்கள். மற்ற நாட்களிலும் எட்டு மணிக்கு மேல் வந்தால் ஆறிய சப்பாத்தியும் தண்ணீரான குருமாவும்தான். ஒன்பது மணிக்கு ஆளாளுக்கு போனை எடுத்து ஸ்விக்கி, சொமேட்டோவில் ஆர்டர் போடுவார்கள். 140 ரூபாய் ஃப்ரைடு ரைஸ், டெலிவரி, பேக்கிங், பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் சேர்ந்து 200 ஆகி வரும். சாப்பாட்டுக்கு என்று வாடகையிலேயே ஒரு முறை பணம் கொடுத்தாகிவிட்டது, இது இரண்டாவது முறை. அதனால் பி.ஜி. பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள். இரவு எட்டரை மணிக்குப் போங்கள். அங்கே இருப்பவர்கள் தட்டில் என்ன இருக்கிறது, வாசலில் எத்தனை டெலிவரி வண்டி நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை.

நண்பர்களோடு வாடகை வீடு: பொழுதுபோக்குச் செலவைக் குறைக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கெடுக்கவும் இதைவிட வேறு இல்லை. ஹாலும் சமையலறையும் இருப்பதால் வெளியே போகும் தேவையே பாதியாகிவிடும். ஒரு கிலோ கோழி, அரை கிலோவுக்குச் சற்று மேல் சீரக சம்பா, வெங்காயம், தக்காளி, தயிர் எல்லாம் சேர்த்து 450 ரூபாய்க்குள் நான்கு பேர் வயிறார பிரியாணி சாப்பிடலாம். கடையில் ஒருவருக்கு மட்டும் 200 ரூபாய்க்கு மேல் ஆகும். இது நல்ல பக்கம்.

கெட்ட பக்கம், இங்கே ஒருவரின் ஆசை நான்கு பேரின் செலவாகிவிடும். ஒருவருக்குக் கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்றால் ஓடிடி சந்தா நான்காகப் பிரியும். ஒருவரின் ஊர் நண்பர்கள் மூன்று நாள் வந்து தங்கினால் சிலிண்டரும் தண்ணீர் கேனும் எல்லோருடையதும் தீரும். "நான் வரலை" என்று சொல்லத் தெரியாதவர்கள் இந்த வகை வீட்டில் மிகவும் கஷ்டப்படுவார்கள்.

சொந்த வீடு அல்லது உறவினர் வீடு: செங்கல்பட்டு, திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் இருந்து தினமும் ரயிலில் வருகிறவர்களுக்கு வாடகை இல்லை. ஆனால் பொழுது முழுக்க ரயிலில் போய்விடும். செலவெல்லாம் வகுப்புகளுக்கு நடுவே கேன்டீனில்தான். மதியச் சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு வந்தால் பெரும்பகுதி மிஞ்சும். சித்தி வீடு, மாமா வீடு என்றால் கணக்கு வேறு. வாடகை வாங்க மாட்டார்கள்தான். ஊரில் இருந்து திரும்பும்போதெல்லாம் வெறுங்கையோடு போக முடியுமா? பழம், இனிப்பு என்று வாங்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளை மாதம் ஒரு முறையாவது எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும். இதைக் கணக்கில் ஒரு வரியாகவே எழுதி வையுங்கள். மனசுக்குள் புழுங்குவதைவிட அது நல்லது.

அரசு விடுதிகள்: பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகள் 2025 ஜூலை முதல் சமூகநீதி விடுதிகள் என்ற பெயரில் இயங்குகின்றன. தங்குவதும் சாப்பாடும் இலவசம். தகுதி இருந்தும் "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்" என்று விண்ணப்பிக்காமலே விடுகிறவர்கள் அதிகம். முதலில் இங்கே விண்ணப்பித்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

3. வாடகையையும் பொழுதுபோக்கையும் ஒரே வரிசையில் கூட்டுங்கள்

ஒரு உதாரணம். வேளச்சேரிப் பக்கம் மூன்று பேர் தங்கும் அறையில் சாப்பாட்டோடு பி.ஜி. 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குரோம்பேட்டையில் 18,000 ரூபாய் வாடகைக்கு இரண்டு படுக்கையறை வீட்டை நான்கு பேர் எடுத்தால் தலைக்கு 4,500. கரண்ட், தண்ணீர், வைஃபை 700. மளிகை, காய்கறி, கேஸ் 2,800. மொத்தம் 8,000. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும்.

இப்போது மிச்சத்தைக் கூட்டுங்கள். பி.ஜி.யில் வாரம் இரண்டு இரவு வெளியே ஆர்டர் போட்டால் மாதம் 1,600. நண்பர்களோடு உட்கார டீ, காபி, ஜூஸ் 800. இரண்டு படம் 500. இரவுப் பயணம் 400. ஆக 3,300. வீட்டில் ஞாயிறு சமையலுக்குத் தலைக்கு மாதம் 450. ஓடிடி பங்கு 100. இரண்டு படம் 500. வெளியே டீ, பயணம் 500. ஆக 1,550. ஒரே வாடகை போலத் தெரிந்த இரண்டு இடங்களுக்கு நடுவே மாதம் 1,750 ரூபாய் வித்தியாசம்.

அதே சமயம் வீட்டுக்கு முதல் நாளே கையில் பெரிய தொகை வேண்டும். மூன்று மாத அட்வான்ஸ் 54,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 18,000, முதல் மாத வாடகை 18,000. மொத்தம் 90,000, தலைக்கு 22,500. பாத்திரம், அடுப்பு, பாய் தலையணை தனி. இந்தப் பணம் இல்லாதவர்கள் முதல் செமஸ்டரை விடுதியிலோ பி.ஜி.யிலோ ஓட்டிவிட்டு, யாரோடு ஒத்துப்போகும் என்று தெரிந்த பிறகு வீடு எடுப்பதுதான் நல்லது. அறிமுகம் இல்லாத மூன்று பேரோடு முதல் மாதமே வீடு எடுக்க வேண்டாம் என்பேன்.

கல்லூரி விடுதிக்கு இன்னொரு வசதி உண்டு. பல இடங்களில் பத்து மாதத்துக்குத்தான் கட்டணம். பி.ஜி.க்கும் வீட்டுக்கும் மே, ஜூன் விடுமுறையிலும் வாடகை ஓடும். விடுமுறை மாதத்துக்குப் பாதி வாடகை வாங்கிக்கொண்டு இடத்தைப் பிடித்து வைப்பீர்களா என்று சேரும்போதே கேளுங்கள். பல பி.ஜி.களில் ஒத்துக்கொள்வார்கள். சேர்ந்த பிறகு கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

4. கையில் வைத்திருக்க வேண்டிய தாள்கள்

ஆதார் நகல், கல்லூரி அடையாள அட்டை அல்லது சேர்க்கைக் கடிதம், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ அரை டஜன், பெற்றோரின் ஆதார் நகல். பி.ஜி.க்கு இவ்வளவு போதும். அரசு விடுதிக்கு இவற்றோடு சாதிச் சான்று, வருமானச் சான்று, கல்லூரியில் வாங்கிய போனஃபைடு (அங்கே படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று), வங்கிப் பாஸ்புக் நகல் வேண்டும். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

வாடகை வீடு என்றால் எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். 2017-இல் வந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் ஐந்து, ஆறு மாதம் கேட்பவர்கள் உண்டு. பேசிக் குறைக்க இந்தச் சட்டத்தின் பேரைச் சொன்னாலே கொஞ்சம் இறங்குவார்கள். பதினெட்டு வயது முடியாதவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் செல்லாது. முதலாம் ஆண்டு மாணவர்கள் பலருக்குப் பதினேழுதான் ஆகியிருக்கும் என்பதால், அம்மாவோ அப்பாவோ வந்து போடட்டும்.

பெண்கள் விடுதி, பெண்கள் பி.ஜி. என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டத் தயங்கும் இடம் வேண்டாம்.

இன்னொரு பொறி: சில பி.ஜி.களில் மாதத் தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. என்று கேட்பார்கள். மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத, தொடர்ந்து 90 நாளாவது தங்கும் விடுதி வாடகைக்கு 2024 ஜூலையில் இருந்து ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. மாணவர்கள் தங்கும் இடங்கள் அனேகமாக எல்லாமே இதற்குள் அடங்கிவிடும். அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கரண்ட் பில்லையும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும். நான்கு பேர் ஏ.சி. போட்டுப் படம் பார்க்கும் வீட்டில் 500 சீக்கிரம் தாண்டும். வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால், அந்தத் தொகையையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

5. எப்போது தேட வேண்டும்

கடைசி ஆண்டு மாணவர்கள் காலி செய்யும் மே மாதக் கடைசிதான் நல்ல நேரம். கலைக் கல்லூரிச் சேர்க்கை முடிந்ததும் ஒரு கூட்டம் வரும், பொறியியல் கவுன்சலிங் முடிந்து ஆகஸ்டில் அடுத்த கூட்டம் வரும். அப்போது மிச்சம் இருப்பது ஜன்னல் இல்லாத அறைகள்தான். பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்றே தெரியாத நிலையில் மே மாதம் எப்படித் தேடுவது? அப்படிப்பட்டவர்கள் முதல் மாதத்துக்கு மட்டும் அட்வான்ஸ் குறைவான ஒரு பி.ஜி.யில் இருந்துகொண்டு, அந்த ஏரியாவில் நடந்தே தேடுங்கள்.

6. சேர்ந்த முதல் மாதம்

பாஸ் எடுங்கள். கல்லூரி மாணவர்களுக்கான பஸ் பாஸ் சலுகைக்கும், மின்சார ரயில் சீசன் டிக்கெட் சலுகைக்கும் கல்லூரி அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பயணம் இலவசம். மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய்க்கு ஏ.சி. இல்லாத எந்தப் பஸ்ஸிலும் மாதம் முழுக்கச் சுற்றும் பாஸ் உண்டு. ஊர் சுற்றப் பிடிக்கும் என்றால் அது லாபம். மெட்ரோ இரவு பதினொரு மணி வரை ஓடுகிறது. ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை கிடைத்தால் வாடகை 500 ரூபாய் கூட இருந்தாலும் எடுக்கலாம், இரவு ஆட்டோவில் அதற்கு மேல் மிஞ்சிவிடும்.

சினிமா டிக்கெட்டுக்கு இந்த ஊரில் உச்சவரம்பு இருக்கிறது. மல்டிபிளக்ஸில் வரி நீங்கலாக 150 ரூபாய். ஆன்லைனில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 30 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் ஏறும், கவுன்டரில் எடுத்தால் அது இல்லை. பல தியேட்டர்களில் முன்வரிசை டிக்கெட் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். கழுத்து கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. இடைவேளையில் வாங்கும் பாப்கார்ன்தான் டிக்கெட்டைவிடப் பெரிய செலவு.

காசில்லாமல் பொழுது போக்க இந்த ஊர் ரொம்பத் தாராளமானது. மெரினாவும் பெசன்ட் நகரும் எல்லோருக்கும் தெரியும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைச் சொல்ல வேண்டும். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. கோடையில் பி.ஜி. அறையின் புழுக்கத்தில் கிடப்பதற்குப் பதில் அங்கே போய்விடலாம். மார்கழியில் சபாக்களின் பகல் நேரக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி. அறை பார்க்கும்போது இவற்றில் உங்களுக்குப் பிடித்தது எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள்.

அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். கல்லூரி மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அதில் ஒரு பங்கையாவது உங்கள் பொழுதுக்கென்று ஒதுக்குங்கள். புத்தகத்துக்கும் ஃபோட்டோகாப்பிக்கும் மட்டும்தான் அந்தப் பணம் என்று யாரும் சொல்லவில்லை.

7. வீட்டில் சேர்ந்து இருப்பவர்கள் முதல் வாரமே பேச வேண்டியவை

இரண்டு கணக்கு வையுங்கள். வாடகை, கரண்ட், மளிகை ஒரு கணக்கு. ஓடிடி, வெளிச் சாப்பாடு, பிறந்தநாள் இன்னொரு கணக்கு. முதல் கணக்கில் எல்லோரும் சமம். இரண்டாவதில் வந்தவர்கள் மட்டும் பங்கு போட வேண்டும். வராதவரிடம் கேட்கக் கூடாது. பிறந்தநாளுக்குத் தலைக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை வைத்துவிடுங்கள். விருந்தாளி இரண்டு இரவுக்கு மேல் தங்கினால் கூப்பிட்டவர் ஒரு தண்ணீர் கேனும் மளிகையில் ஒரு பங்கும் கொடுக்கட்டும். கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று இல்லையென்றால் ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் அது இல்லாமலே கிடைக்கும்.

பணம் தட்டுப்பாடாகும் மாதத்தில் போனில் வரும் உடனடிக் கடன் செயலிகளைத் தொடவே தொடாதீர்கள். 2,000 ரூபாய் டூருக்கு வாங்கிய கடனுக்காக, போனில் இருக்கும் அத்தனை எண்களுக்கும் கூப்பிட்டு மானத்தை வாங்கும் ஆட்கள் அவர்களில் இருக்கிறார்கள். அந்த மாதம் டூர் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. அறை நண்பரிடம் நேராகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் கேளுங்கள்.

8. காலி செய்யும்போது

ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பது பொதுவான வழக்கம். வாயால் சொன்னால் போதாது, வாட்ஸ்அப்பில் தேதியோடு அனுப்புங்கள். நான் இருந்த ஒரு பி.ஜி.யில் சுவரில் ஒரு கீறல்கூட இல்லாத அறைக்குப் 'பெயின்டிங்' என்று அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு இங்கே யாருக்கும் கொடுப்பதில்லை என்று பதில் வந்தது. உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது. சேரும் நாளிலேயே சுவர், கட்டில், மின்விசிறி, பாத்ரூம் குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உரிமையாளர் எண்ணுக்கே அனுப்பி வையுங்கள். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் யு.பி.ஐ.யிலோ வங்கி மூலமாகவோ 'அட்வான்ஸ்' என்று குறிப்பெழுதி அனுப்புங்கள். எவ்வளவு பிடிப்பார்கள், மீதி எத்தனை நாளில் வரும் என்பதை அதே வாட்ஸ்அப் உரையாடலில் கேட்டு, பதில் வந்த பிறகு பெட்டியை உள்ளே வையுங்கள்.